ஐந்து குழாய்கள், இருபத்திரண்டு வாய்கள்

அந்தச் சோதனை அறைக்கு வெளியே மூன்று பெஞ்சுகள் இருந்தன. பெஞ்சுக்கு ஏழு பேராக இருபத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டாவது ஆள் நான், நின்றேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு அறுபத்து மூன்று வயது. மேலே மூச்சு இளைப்பு, கீழே குடலிறக்கம். சோதனை முடிந்தவர்களும் டாக்டர் கூப்பிடும்வரை பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள்; எழுந்து இடம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே வந்திருந்த எல்லோருக்கும் மூச்சு இளைப்புதான் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அதை அன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

தெப்பக்குளம் தாண்டி, ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய மருத்துவமனை. இப்போது அது இல்லை; இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். ஆனையூரில் ஏறிக் கோரிப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். மொத்தம் இருபத்து மூன்று நிறுத்தங்கள். பதினேழு நிறுத்தங்கள் வரை நின்றுகொண்டே வந்தேன். துணைக்கு என் மனைவியின் தம்பி வந்திருந்தான். கோரிப்பாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவன். ஐம்பத்தைந்து வயதாகியும் அவனுக்கு ஒரு இருமல்கூடக் கிடையாது என்பதே அவன் மேல் எனக்கிருந்த பெரிய குறை.

நான் அங்கே போன காரணம் இதுதான். வலது தொடை மடிப்பில் ஐந்து வருடமாக ஒரு வீக்கம். முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு எலுமிச்சம்பழம், அந்த வருடம் சின்ன மாங்காய். இருமினால் குடல் வெளியே வரும். படுத்துக்கொண்டு விரலால் அழுத்தினால் உள்ளே போகும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நாட்குறிப்பில் எழுதி வந்தேன்: தை மாதத்தில் நான்கு, பங்குனியில் ஒன்பது. அறுவை டாக்டர் அந்த நாட்குறிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் வெளியே வந்தது திரும்ப உள்ளே போகாது, அன்று குடல் அழுக ஆரம்பிக்கும், அதற்கு முன்னால் தைத்தாக வேண்டும் என்றார். உங்கள் நெஞ்சு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் நான் கத்தியை எடுக்க மாட்டேன் என்றும் அவரே சொன்னார். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அந்தத் தாளோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆக, ஒரு குழாயில் நான் ஊதுவதை வைத்துத்தான் என் குடலுக்குத் தையலா, அழுகலா என்று முடிவாக வேண்டியிருந்தது.

சோதனை என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வருடம் நூற்பாலையில் நூல் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவன். நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றிச் சிட்டமாக்கி, மேலே ஒரு கொக்கி கீழே ஒரு கொக்கி மாட்டி, அறுகிற வரை இழுத்து, எத்தனை பவுண்டில் அறுந்தது என்று எழுதுவோம். அதனால் கதவுப் பக்கம் நின்று உள்ளே நடப்பதைப் பார்த்தேன். நிற்கிற ஆளுக்கு அந்த ஒரு வசதிதான் உண்டு.

உள்ளே மேசை மேல் தட்டச்சு இயந்திரம் அளவில் ஒரு மிஷின். அதிலிருந்து வளைந்த ரப்பர்க் குழல் ஒன்று. குழலின் முனையில் வாயில் வைக்க வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகுவார்கள். ஒருவர் ஊதி முடித்ததும் அதைக் கழற்றி, பக்கத்தில் ஒரு பேசினில் இருந்த மஞ்சள் மருந்துத் தண்ணீருக்குள் போடுவார்கள். சுவரில் ஒரு அட்டை: குழாய்களை இருபது நிமிடம் ஊற வைக்கவும். பேசினில் இருந்த குழாய்கள் ஐந்து. சோதனையை நடத்திய அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். அவர் பேசினுக்குள் கையை விட்டு மேலாகக் கிடப்பதையே எடுத்தார். மேலாகக் கிடந்தது சற்று முன்பு போட்டது. கீழே மூன்று குழாய்கள் காலையிலிருந்து நிம்மதியாக ஊறிக்கொண்டிருந்தன. இரண்டு மட்டுமே வாய்க்கும் பேசினுக்குமாகப் போய்வந்தன. அதில் ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்தது, அடையாளம் வைத்துக்கொண்டேன். நான் கடிகாரத்தைப் பார்த்தவரை அது பேசினில் அதிகபட்சம் ஏழு நிமிடம் கிடந்தது. என் கண் முன்னால் ஒன்பது வாய்களுக்குள் போனது. பத்தாவது என் வாய்.

இதில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பது கிடையாது. தண்ணீர், மோர், கொதிக்கிற காப்பி எதுவானாலும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். அறுபத்து மூன்று வருடத்தில் என் உதடு இன்னொருவர் உதடு பட்ட பொருளைத் தொட்டதில்லை. இதைச் சுத்தம் என்று நான் சொன்னேன். திமிர் என்று மில்லில் சொன்னார்கள். இரண்டும் இருந்திருக்கலாம்.

சிகரெட் குடித்த காலத்திலும் இந்த விரதத்தை நான் விடவில்லை. விரல்களை முட்டியாக மடக்கி, சுண்டுவிரல் இடுக்கில் சிகரெட்டைச் செருகி, கட்டைவிரல் பக்கத்து ஓட்டையில் வாய் வைத்து இழுப்பேன். உதடு படுவது என் கையில்தான். கேண்டீனுக்குப் பின்னால் மூன்று பேர் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுக்கும்போதும் அப்படியே. முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்வேன். புகையைக் கழுவ முடியாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் என்றும் இல்லை.

எனக்கு முன்னால் உள்ளே போனவர் மேலூர்ப் பக்கத்து விவசாயி. கரும்பைக் கடிப்பது போல் குழாயைக் கடித்துக்கொண்டு, முகம் கறுக்க ஊதினார். வெளியே வரும்போது தோள் துண்டை உதறிக் காட்டி, என் காதருகே குனிந்து சொன்னார்.

"அண்ணே, நீங்க மொகத்தச் சுளிக்கிறதப் பாத்தேன். நானே துண்டால நல்லாத் தொடச்சுட்டுத்தேன் குடுத்தேன்."

அந்தத் துண்டை நான் பார்த்தேன். காலையிலிருந்து அவர் அதில் இருமியதையும் பார்த்திருந்தேன்.

அந்த அம்மாள் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து மூக்கில் ஒரு கவ்வியை மாட்டினார். மூச்சை நிறைய இழுக்க வேண்டும், குழாயைப் பல்லுக்கு உள்ளே வைத்து உதட்டை இறுக்கி மூட வேண்டும், ஒரே மூச்சில் வெடிப்பது போல் ஊத வேண்டும், ஆறு எண்ணும்வரை நிறுத்தவே கூடாது. இதைக் காலையிலிருந்து இருபத்தொரு முறை கேட்டுவிட்டேன். இருபத்திரண்டாவது முறையும் அதே ராகத்தில் சொன்னார். ஏழு நிமிடம் ஊறிய நசுங்கல் குழாயைச் செருகி நீட்டினார்.

நான் வலது கையை முட்டியாக மடக்கினேன். குழாயைச் சுண்டுவிரல் பக்கம் செருகினேன். கட்டைவிரல் பக்கத்தில் வாயை வைத்தேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகச் செய்தது. இடது கையால் தொடை மடிப்பை அமுக்கிக்கொண்டேன். வேகமாக ஊதினால் குடல் வந்துவிடும் என்ற பயம் இருந்தது. ஊதினேன். விரல் சந்துகளில் எல்லாம் காற்று புஸ்ஸென்று போனது.

"இதென்னய்யா, சங்கு ஊதுறீகளா?" என்றார் அந்த அம்மாள். "கைய எடுங்க. வாயில வைங்க."

பெஞ்சுகளில் சிரித்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. மூன்று பேருக்குச் சிரித்ததில் இருமல் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. கையை எடுத்தேன். குழாயை உதட்டுக்கு ஒரு நூல் வெளியே நிறுத்தி ஊதினேன். மூன்றாம் முறை பல்லால் மட்டும் பிடித்தேன். நான்காம் முறையும் அப்படித்தான். ஐந்தாம் முறை அவர் கேட்கவில்லை. மிஷின் சின்னத் தாள் ஒன்றைத் துப்பியது. அதன் அடியில் பேனாவால் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்தார். முயற்சி போதாது என்று பொருள்.

முப்பத்து நான்கு வருட வேலையில் என் மேல் ஒரு கறுப்புக் குறிப்பு எழுதப்பட்டதில்லை. அதைப் பெறுவதற்காக இருபத்து மூன்று நிறுத்தங்கள் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நெஞ்சு டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வளைவு வளைவாகவே இல்லை, நான்கும் நான்கு விதமாக இருக்கிறது, இதை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது என்றார். மிஷின் புதன்கிழமை மட்டும்தான் ஓடுமாம். அடுத்த இடம் நான்கு வாரம் கழித்து. அதுவரை அறுவை இல்லை.

வீடு திரும்பியதும் உட்கார்ந்து மருத்துவமனை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதினொரு குறிப்புகள், எண் போட்டு. குழாய்கள் ஐந்து, புழக்கத்தில் இரண்டு, நோயாளிகள் இருபத்திரண்டு, ஊறிய நேரம் ஏழு நிமிடம், அட்டை சொல்லும் நேரம் இருபது, நசுங்கிய குழாய் சென்ற வாய்கள் பத்து. உட்கார இடமில்லாதது. கதவைத் திறந்து வைத்துச் சோதிப்பது. நோயாளியைச் சங்கு ஊதுகிறவனாகப் பரிகசித்தது. இந்த நிலைமையில் வந்த முடிவு எதுவும் செல்லாது என்று முடித்தேன். தபாலில் போடக் கொடுத்தபோது மைத்துனன் பிரித்துப் படித்துவிட்டான்.

"அத்தான், பதினோரு பாயிண்ட் போட்ருக்கீங்க. முட்டி புடிச்சு ஊதுனீங்களே, அது எத்தனாவது பாயிண்டு?"

அது இதில் சம்பந்தப்படாது என்றேன்.

"மிஷினுக்குச் சம்பந்தப்படும்போல அத்தான். அது உங்க கையவா டெஸ்ட் பண்ணுது?"

"தபால்ல போடு மாப்ள" என்றேன். போட்டான். ஆனால் அவன் கேட்டது என்னை விட்டுப் போகவில்லை. சிட்டத்தைக் கொக்கியில் கோணலாக மாட்டினால் சில இழைகள் தளர்ந்து நிற்கும். மீதி இழைகள் பாரம் தாங்காமல் நல்ல நூலும் சீக்கிரம் அறும். அந்தக் கணக்கை அடித்துவிட்டு மறுபடி மாட்டுவோம். மாட்டியவன் யார் என்று கேட்டு அவனைத் திட்டுவோம். என்னைவிட அதிகமாகத் திட்டியவர் அந்த மில்லில் யாரும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மனைவி வற்றல் மிளகாய் தாளித்தாள். ஒரே நெடி. எட்டு முறை இருமினேன். எட்டாவது இருமலில் வெளியே வந்தது உள்ளே போகவில்லை.

தரையில் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டேன். அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. வாய் கசந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளிப்பைப் பற்றி நான் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னேன். கடிகாரம் தெரியும்படி தலையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம், பதினைந்து, இருபத்தைந்து. நிமிடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"எண்ணாம கொஞ்ச நேரம் சும்மா படுங்க" என்றாள்.

எண்ணாமல் படுக்க எனக்குத் தெரியாது. நாற்பத்து நான்காவது நிமிடம் களக் என்று ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. அவள் எழுந்து போய் மீண்டும் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அதே இடத்தில் படுத்திருந்தேன். அடுத்த முறை நாற்பத்தைந்தாவது நிமிடம் வரும், ஐம்பது வரும், பிறகு எண்ண ஆள் இருக்காது. என்னிடம் இருந்ததோ முயற்சி போதாது என்று எழுதிய ஒரு தாள்.

மறுநாள் காலையில் கொல்லையில் பப்பாளி இலைக் காம்பு ஒன்றை வெட்டி இரண்டு பக்கமும் சீவினேன். நல்ல குழாய். என் மரம், என் காம்பு, யார் எச்சிலும் இல்லை. பல்லுக்கு உள்ளே வைத்து உதட்டை மூடினேன். குமட்டியது. என் எச்சிலே எனக்குக் குமட்டும் என்று அதுவரை தெரியாது. நான்காம் நாள் குமட்டல் போனது. ஏழாம் நாள் உதட்டோரம் காற்று கசியாமல் ஆறு எண்ண முடிந்தது. குடலைக் காப்பாற்ற மெதுவாகத்தான் ஊதினேன். மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த ஒன்பது நாளும் அவள் வற்றல் மிளகாய் தாளிக்கவில்லை. அதையும் குறித்து வைத்தேன்.

இரண்டாம் முறை போனபோது நான் பதினான்காவது ஆள். உட்கார இடம் கிடைத்தது. மைத்துனன் வாசலில் யாரிடமோ லாரி பேசிக்கொண்டிருந்தான். கதவுக்கு ஒரு திரை போட்டிருந்தார்கள். என் முறை வந்ததும் முதலில் பேசினைப் பார்த்தேன். இரண்டு பேசின்கள். குழாய்கள் பதினொன்று.

அந்த அம்மாளுக்கு என்னை நினைவிருந்தது. கதவைச் சாத்தினார்.

"லெட்டர் போட்டது நீங்கதானே?"

ஆம் என்றேன்.

"இந்தக் குழா பத்தலைன்னு நான் மூணு தடவ எழுதிக் குடுத்தேன்யா. மூணு தடவயும் பாக்கலாம்னாக. நீங்க ஒரு லெட்டர் போட்டீக, ஏழு குழா வந்துருச்சு. உங்க பதினோரு பாயிண்டுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா? நான்தேன். மேனேஜர் ரூம்ல, நின்னுக்கிட்டு."

நீங்கள் ஐந்தையும் முறையாகச் சுழற்றியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன் என்றேன். அது உண்மை. அவர் மூன்று முறை எழுதிக் கேட்டதும் உண்மை. ஒரு உண்மைக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட குழாய் ஒன்றை எடுத்தார். பன்னிரண்டாவது.

"இது யாரு வாயும் படாதது. பிரிக்கிறதப் பாத்துக்கங்க." உறையை என் முகத்துக்கு நேரே கிழித்தார். "இதுலயும் சரியா வரலைன்னா அப்பறம் எதச் சொல்லுவீக?"

மூக்கில் கவ்வியை மாட்டினார். மாட்டிய விதத்தில் மேனேஜர் அறையில் நின்ற கோபம் தெரிந்தது. என் இடது கை கீழே போவதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன். அதை முதல் தடவையே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று சிடுசிடுத்தார். பிறகு இடுப்புப் பெல்ட்டை இன்னொரு துளை இறுக்கச் சொன்னார். ஒரு துணிச் சுருளை எடுத்துக் கொடுத்து, அதை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார்.

குழாயைப் பல்லுக்கு உள்ளே வைத்தேன். உதட்டை மூடினேன்.

"ஊதுங்க! விடாதீக, விடாதீக, விடாதீக, இன்னும், இன்னும்!"

முதல் நொடியில் கொஞ்சம் வேகமாகப் போனது. அதற்குப் பிறகு போகவில்லை. நெஞ்சுக்குள் காற்று நிறைய இருந்தது. அதை நான் உணர்ந்தேன். வெளியே வரத்தான் வழி இல்லை. பஸ்ஸில் கூட்டம் வாசலில் நெரிவது போல, எவ்வளவு தள்ளினாலும் ஒவ்வொன்றாகத்தான் இறங்கியது. அவர் ஆறு எண்ணும்வரை தள்ளினேன். கண் முன்னால் பூச்சி பறந்தது. துணிச் சுருளுக்குக் கீழே குடல் முட்டியது, ஆனால் வரவில்லை. உதட்டோரம் ஒரு துளிக் காற்றும் கசியவில்லை. அதை நான் சத்தியம் செய்வேன்.

மூன்று முறை ஊதினேன். மூன்று கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. தொட்டில் துணி தொங்குவது போல மூன்றும் உள்வாங்கி இருந்தன. மிஷின் கணக்குப் போட்டுச் சொன்னது: என் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் நொடியில் வந்திருக்க வேண்டிய காற்றில் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

எனக்கு அதைப் படிக்க டாக்டர் தேவைப்படவில்லை. கொக்கியில் நேராக மாட்டி, மூன்று சிட்டமும் ஒரே பவுண்டில் அறுந்தால், அதற்குப் பிறகு கொக்கியைக் குறை சொல்ல முடியாது. நூல்தான் மோசம்.

அதோடு விடவில்லை. மருந்தை உறிஞ்சவைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். மருந்தால் மூச்சுக் குழல் திறக்கிறதா என்று பார்க்க. அந்தப் பதினைந்து நிமிடமும் நான் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"எம்புட்டுப் பேரு வாய் வச்சாகன்னு எண்ணுனீகளே. நீங்க எம்புட்டு இழுத்தீகன்னு எண்ணிருக்கீகளா?"

என்னை மடக்குவதாக அவருக்கு எண்ணம். எனக்குப் பதில் தெரியும்.

"நாளைக்கு ஏழு. இருபத்தொம்பது வருஷம். எழுபத்து நாலாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு. லீப் வருஷத்து நாள் ஏழு, அதுக்கு நாப்பத்தொம்பது சேக்கணும். எழுபத்து நாலாயிரத்து நூத்து நாப்பத்து நாலு."

அவர் பேனாவை வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை முழுதாகப் பார்த்தார்.

"அம்புட்டையும் எண்ணிருக்கீக" என்றார். "எண்ணிக்கிட்டே இழுத்துருக்கீக."

பதினைந்து நிமிடம் ஆனதும் மீண்டும் ஊதினேன். நாற்பத்து மூன்று. இரண்டு ஏறியிருந்தது. பேப்பரின் அடியில் ஏதோ எழுதினார். வாங்கிப் பார்த்தேன். முயற்சி நன்று.

நெஞ்சு டாக்டர் இந்த முறை தாளைத் திருப்பவில்லை. மோசமான முடிவு, ஆனால் சரியான முடிவு என்றார். முன்பு கொடுத்த தாளை வைத்து யாரும் எதையும் செய்திருக்க முடியாது. இதை வைத்துச் செய்ய வழி உண்டு என்றார். பாதிக்கும் கீழே இருக்கிற மூச்சை வழி என்று ஒருவர் சொல்வது எனக்கு எரிச்சலாக இருந்தது. அறுவை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். முழு மயக்கம் கொடுத்தால் உங்களைச் செயற்கை மூச்சு மிஷினிலிருந்து எடுப்பது கஷ்டம், அதனால் கொடுக்கப் போவதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்து தைத்துவிடுகிறேன், முழித்துக்கொண்டு இருப்பீர்கள். இந்தத் தாள் இல்லாமல் மயக்கம் கொடுத்திருந்தால் என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். நல்ல எண் வந்திருக்க வேண்டும் என்று வீம்பு பிடித்து நான் அலைந்திருக்கிறேன். வந்திருந்தால் முழு மயக்கம்தான்.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் மாத்திரைத் தூளை உறிஞ்சும் கருவி ஒன்றைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அதையும் வாயில் வைத்து இறுக்க வேண்டும். முதல் நாள் காலை என் கை தானாக முட்டி பிடித்தது. மைத்துனன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"அத்தான், அது சிகரெட் இல்ல."

தெரியும் என்றேன். கையை விரித்தேன்.

அறுவை ஐம்பத்தெட்டு நிமிடம் நடந்தது. சுவர்க் கடிகாரம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதுதான் அந்த மருத்துவமனையில் எனக்குச் செய்யப்பட்ட ஒரே வசதி. இருமல் வந்தால் சொல்லிவிட்டு இருமுங்கள் என்றார்கள். இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் கையை நிறுத்தினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் கிரிக்கெட் பேசினார்கள். என் குடலைக் கையில் வைத்துக்கொண்டு ரன் கணக்குப் பேசுகிறார்களே என்று கோபம் வந்தது. அவர்கள் சொன்ன ரன் கணக்கும் தப்பு. திருத்தினேன்.

அந்த மிஷின் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வெறும் வெள்ளை. சூட்டில் அச்சடிக்கிற அந்தக் காகிதத்தில் அச்சு நிற்காதாம். இதை யாரும் அப்போது சொல்லவில்லை. மூன்று கோடுகளும் மறைந்துவிட்டன. பேனாவால் எழுதிய இரண்டு சொல் மட்டும் மிச்சம். நாற்பத்தொன்று என்பது என் நாட்குறிப்பில் இருப்பதால் தப்பித்தது. குடல் அதற்குப் பிறகு ஒரு நாளும் வெளியே வரவில்லை. மூச்சு திரும்பி வரவில்லை. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. அப்போது ஒரு முறை நின்றேன், இப்போது நான்கு முறை.

மருத்துவமனையை விட்டு அனுப்பிய நாள் ஒரு புதன்கிழமை. மைத்துனன் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். நான் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு நடைவழியில் நடந்து, அந்த அறை வாசலுக்கு வந்தேன். நன்றி சொல்ல அல்ல. திரை பாதி விலகியிருந்தது. பேசின்களைப் பார்த்தேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"பன்னெண்டு இருக்கு. எண்ணிக்கிட்டாச்சுல்ல?"

"பதினொண்ணுதான் இருக்கு" என்றேன்.

"பன்னெண்டாவது அந்தா, அவரு வாயில இருக்கு" என்றார். ஸ்டூலில் ஒருவர் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தார். "ஊதுங்க! விடாதீக, விடாதீக, விடாதீக!"

வாசலில் நின்றபடி நானும் எண்ணினேன். ஆறு வர வேண்டும். ஸ்டூலில் இருந்தவர் நாலிலேயே விட்டுவிட்டார்.